கொச்சித் தேக்கும் காரைக்குடிக் கல்லும்

மிதக்கும் இரும்பின் சரித்திரம்: ஒன்பதாம் பகுதி

1822-ஆம் ஆண்டு கொச்சித் துறையில் தேக்கு மரத்தால் கட்டி நீரில் இறக்கப்பட்ட 'சமராங்' என்னும் 28 பீரங்கிகள் கொண்ட ஆங்கிலப் போர்க்கப்பல், தன் ஆயுளில் எத்தனையோ கடல்களைக் கடந்ததாயினும், விஞ்ஞான சரித்திரத்தில் அதற்கு ஓர் இடம் வாய்த்தது பீரங்கிகளாலும் அன்று, மாலுமிகளின் பராக்கிரமத்தாலும் அன்று. நீருக்குள் மறைந்திருந்த அதன் அடிப்பாகத்தில் பொருத்தப்பட்ட சில வார்ப்பிரும்புத் திரள்களால்தான். இன்றைக்குக் கடலில் மிதக்கும் எந்த எஃகு அமைப்பை எடுத்துக்கொண்டாலும், அது சரக்குக் கப்பலாகட்டும், எண்ணெய்க் கப்பல்களை நடுக்கடலில் கட்டிவைக்கும் பெருமிதவையாகட்டும், பழுதுற்ற கப்பலையே தூக்கி நிறுத்தும் மிதக்கும் உலர்துறையாகட்டும், நீர்மட்டத்திற்குக் கீழே வரிசை வரிசையாக வெள்ளை உலோகக் கட்டிகள் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தக் கட்டிகளின் வம்சாவளியைத் தேடிப் பின்னோக்கிப் போனால், நம் மேற்குக் கரையில் பிறந்த அந்தத் தேக்குக் கப்பலிடம் வந்து சேர்கிறோம்.

மரக்கப்பலுக்கும் எஃகுக் கப்பலுக்கும் இந்த விஷயத்தில் என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். சம்பந்தம் செம்பில் இருக்கிறது. வெப்பக் கடல்களில் ஓடிய மரக்கலங்களுக்கு எதிரிகள் இருவர்: மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கும் கடற்புழு ஒன்று, அடியில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைக்கும் கொட்டலசும் பாசியும் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஒரே மருந்தாக ஆங்கிலக் கடற்படையார் கப்பலின் அடியைச் செம்புத் தகட்டால் போர்த்திப் பார்த்தார்கள். 1761-ஆம் ஆண்டு 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலில் முதல் பரீட்சை நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதைப் பரிசோதித்தபோது, புழுவும் பாசியும் அண்டாமல் செம்பு சிறப்பாகவே இருந்தது. ஆனால் அந்தச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கூழாகக் கரைந்துபோயிருந்தன. தகடுகளைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் தற்செயலாகக் கிழிபடாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவே நின்றுவிட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் புதியவைபோல் விளங்கின. கால்வானியும் வோல்டாவும் மின்சாரத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பே, இரண்டு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தீண்டினால் அவற்றில் ஒன்று மற்றதற்காக அழியும் என்ற உண்மை இவ்வாறு ஒரு காகிதத் துண்டால் கண்முன் நிறுத்தப்பட்டது. கண்டவர்கள் ஆணியை மாற்றிச் செம்பு கலந்த உலோகத்தில் செய்யக் கற்றுக்கொண்டார்களேயன்றி, அந்த அழிவையே ஒரு காவலாகத் திருப்பிவிடலாம் என்று யோசிக்க அறுபது ஆண்டுகள் ஆயின.

யோசித்தவர் சர் ஹம்ப்ரி டேவி. சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்கை அளித்தவரும், சோடியம், பொட்டாசியம் முதலிய தனிமங்களை மின்சாரத்தால் முதன்முதல் பிரித்தெடுத்தவருமாகிய அவர், அப்போது லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர். செம்புத் தகடுகள் சீக்கிரம் தேய்ந்து கரைந்துபோகின்றன, இதற்கு ஒரு பரிகாரம் காணவேண்டும் என்று கடற்படை நிர்வாகம் அவரை வேண்டிக்கொண்டது. டேவி தம் ஆய்வுகளை 1824-ஆம் ஆண்டு சொசைட்டியின் முன் படித்தார். செம்பின் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கிலிருந்து நூற்றைம்பதில் ஒரு பங்கு வரையில் துத்தநாகமோ இரும்போ அதனோடு தொடுப்பில் இருந்தால், செம்பு சிறிதும் கரையாது என்பது அவர் கண்ட முடிவு. உயர்ந்த உலோகம் பிழைக்கத் தாழ்ந்த உலோகம் தன்னைத் தேய்த்துக்கொள்கிறது. இதற்குக் கம்பியும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். கடலே மின்கலத்தின் திரவமாகிவிடுகிறது.

இந்தப் பிரயோகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கப்பல்களில்தான் சமராங் வருகிறது. செம்பின் பரப்பில் எண்பதில் ஒரு பங்கு வருமாறு வார்ப்பிரும்பைப் பொருத்தி, வட அமெரிக்காவின் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் 1825-ஆம் ஆண்டு தொடக்கத்தில் திரும்பி வந்தது. செம்பு கரையவில்லை, டேவியின் கணக்கு அணுவளவும் பிசகவில்லை. பரிகாரம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து, மற்றக் கப்பல்களுக்கும் இதைப் பூட்டும் வேலை மும்முரமாக நடந்தது. பிறகுதான் தளபதிகளிடமிருந்து முறையீடுகள் வரத் தொடங்கின. செம்பு பிழைத்தது உண்மை, ஆனால் அதன்மேல் கொட்டலசும் பாசியும் தோட்டம் போட்டுவிட்டன, கப்பல்கள் ஊர்ந்தன. கரைந்துகொண்டிருந்த செம்புதான் அந்த உயிரினங்களுக்கு நஞ்சாக இருந்தது என்பதும், கரைவதை நிறுத்தினால் நஞ்சும் நின்றுவிடும் என்பதும் அதுவரை எவருக்கும் புலப்படவில்லை. சில ஆண்டுகளுக்குள் கடலோடும் கப்பல்களிலிருந்து டேவியின் காவற்கட்டிகள் கழற்றப்பட்டன. பத்திரிகைகள் பரிகசித்தன. டேவி மனம் நொந்து, உடலும் நலிந்து, 1829-ஆம் ஆண்டு ஜெனீவாவில் காலமானார்.

டேவியைப் பற்றி எழுதும் ஆசிரியர்களில் பலர் இந்த இடத்தில் அவருக்காக வருந்துவார்கள்; சிலர் அவருடைய அகம்பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்பார்கள். என் அபிப்பிராயம் வேறு. அவரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அவர் சரியான விடை சொன்னார். கேட்டவர்களுக்குத்தான் தங்களுக்கு வேண்டியது என்ன என்று தெரியவில்லை. செம்பு என்பது கப்பலுக்குக் கவசமாக வாங்கப்பட்டாலும், உண்மையில் அது செய்த ஊழியம் கரைந்துகொண்டேயிருப்பது; அதைக் கரையாமல் காப்பது அதன் வேலையை நிறுத்துவதாகும். டேவியின் கண்டுபிடிப்புக்கு உரிய உலோகம் செம்பன்று. கரைவதால் ஒரு நன்மையும் இல்லாத, கரைந்தால் கலமே மூழ்கிவிடக்கூடிய உலோகம் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. இரும்பு கப்பலாகும் வரையில் அந்தக் கண்டுபிடிப்பு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதிக காலம் காத்திருக்கவும் இல்லை என்று சொல்லலாம். டேவி இறந்த அதே 1829-ஆம் ஆண்டில் அவருடைய உறவினரும் அயர்லாந்தில் ரசாயனப் பேராசிரியருமான எட்மண்ட் டேவி, துறைமுக மிதவைகளின் இரும்புப் பாகங்களோடு துத்தநாகக் கட்டிகளைச் சேர்த்து, அவை துருப்பிடியாமல் காக்கப்படுவதை நிரூபித்தார். மிதக்கும் இரும்புக்கு இவ்வகைக் காவல் கிடைத்தது அங்கேதான். இத்தொடரின் தலைப்புக்கு நேரான மூதாதை என்று அந்த அயர்லாந்து மிதவையைச் சொல்லவேண்டும். 1840-ஐ ஒட்டி ராபர்ட் மாலெட் என்னும் பொறியியல் வல்லுநர் இதற்கென்றே ஒரு துத்தநாகக் கலவையை வகுத்தார். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இந்த வித்தை ஒரு சந்தேகமான நாட்டு வைத்தியம்போலவே நடத்தப்பட்டது. சில கப்பல்களில் பலித்தது. பல கப்பல்களில் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

பலிக்காமைக்குக் காரணங்கள் மூன்று, மூன்றும் அற்பமானவை. அக்காலத்துத் துத்தநாகத்தில் இரும்பு மாசாகக் கலந்திருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட அன்று, லட்சத்தில் சில பங்கு இரும்பு இருந்தாலே போதும், துத்தநாகத்தின் மேல் கெட்டியான ஒரு படலம் படிந்து அது உறங்கிவிடும். இரண்டாவது, கட்டிகளைக் கப்பலோடு பொருத்திய திருகுகள் நாளடைவில் துருவேறி, மின்சாரம் பாயும் வழி அடைபட்டது. மூன்றாவதை எண்ணினால் சிரிப்பு வரும்: துறையில் கப்பலுக்கு வர்ணம் தீட்டிய தொழிலாளர்கள், அழகு கெடக்கூடாதென்று துத்தநாகத்தின் மேலும் சேர்த்து வர்ணம் பூசினார்கள். இன்றும் சில கட்டிகளில், இதன்மேல் வர்ணம் பூசாதே என்று வார்த்தே விடுகிறார்கள். அந்த எச்சரிக்கையின் பின்னால் நூறாண்டு அனுபவம் இருக்கிறது.

இனி இந்தக் காவல் எவ்விதம் நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். எஃகுத் தகடு பார்வைக்கு ஒரே சீராகத் தோன்றினாலும், அதன் பரப்பில் ஓரிடம் மற்றோரிடத்தைவிட இளகிய சுபாவம் உடையது. இளகிய இடத்தில் இரும்பணு தன் எலெக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு நீருக்குள் போய்விடுகிறது. விடப்பட்ட எலெக்ட்ரான்களை மற்றோரிடத்தில் நீரில் கரைந்துள்ள பிராணவாயு வாங்கிக்கொள்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் நடக்கும்வரை இரும்பு தேயும். நீரில் மூழ்கிய மென்னெஃகு சாதாரணமாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்கிறது. அலை அடித்து அடித்து நனைந்து உலரும் பட்டையில் இதைப்போலப் பல மடங்கு தேயும். அத்தகட்டோடு துத்தநாகத்தைச் சேர்த்துவிட்டால், எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் கடமையைத் துத்தநாகம் ஏற்றுக்கொள்கிறது. இரும்பு முழுவதும் வாங்கும் பக்கமாகவே மாறி, தேய்வது நின்றுபோகிறது. இதை அளந்தறிவதற்கு வெள்ளி–வெள்ளிக் குளோரைடு முள் ஒன்றை நீரில் இறக்கி வோல்ட்மீட்டரைப் பார்ப்பார்கள்; காவலற்ற எஃகு ஏறக்குறைய மைனஸ் 0.65 வோல்ட்டில் நிற்கும், மைனஸ் 0.80-க்குக் கீழே இறங்கிவிட்டால் கப்பல் க்ஷேமம்.

ஃபாரடே கற்றுக்கொடுத்த கணக்கின்படி பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஓர் ஆண்டு பாய்ந்தால் அதற்கு இரும்பு கொடுக்கும் விலை சுமார் 9 கிலோ. துத்தநாகம் கொடுக்கும் விலை சுமார் 11 கிலோ. 9 கிலோ இரும்பைக் காக்க 11 கிலோ துத்தநாகத்தைச் செலவிடுவது எந்தச் செட்டியார் வீட்டுக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளாத வியாபாரம். ஆனால் இரும்பின் நஷ்டம் எந்த இடத்தில் எப்போது நேரும் என்று யாரும் சொல்ல முடியாது; ஒரு பற்றவைப்புக் கோட்டின் ஓரத்தில், விரல்நுனி அகலத்தில் ஒரு குழியாக அது விழுந்துவிட்டால் கலத்தின் விலையே போய்விடும். துத்தநாகத்தின் நஷ்டமோ நாம் குறித்த இடத்தில், நாம் குறித்த அளவில் நடக்கிறது. தீர்ந்தால் வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். விலை கொடுத்து வாங்குவது உலோகத்தை அன்று, நிச்சயத்தை.

இந்தத் தத்துவத்தைக் காணக் கடற்கரைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நான் இத்தொடரை எழுதிவரும் ஹெப்பகோடி, பெங்களூருக்குத் தெற்கே ஒசூர் சாலையில், கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே, எந்தத் திசையில் போனாலும் அலையோசை கேட்க ஒரு பகல் முழுவதும் பிரயாணம் செய்யவேண்டிய பீடபூமியில் இருக்கிறது. ஆயினும் இங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணமும் மிகுந்தது. வெந்நீர் கீசரின் உட்கலத்தை அது சும்மா விடுவதில்லை. அதனால் ஒவ்வொரு கீசருக்குள்ளும் மக்னீஷியத்தால் ஆன ஒரு கோல் செருகப்பட்டிருக்கிறது. பழுது பார்க்க வந்த கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர் அதை உருவி என்னிடம் காட்டி, "சார், ஆனோடு ராடு சுத்தமா காலியாயிடுச்சு பாருங்க, நடுக்கம்பிதான் மிச்சம்; இப்ப மாத்தலைன்னா அடுத்து டேங்க்குதான் போகும்" என்றார். டேவி ராயல் சொசைட்டியில் பல பக்கங்களில் சொன்னதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். இவ்வட்டாரத்துத் தொழிற்கொட்டகைகளின் கூரைகளில் மின்னும் ஜி.ஐ. தகடும் அதே குலத்தைச் சேர்ந்ததுதான். மேலே பூசிய துத்தநாகத்தில் கீறல் விழுந்தாலும், கீறலுக்குள் தெரியும் இரும்பைச் சுற்றியுள்ள துத்தநாகம் காக்கிறது.

மீண்டும் கடலுக்குப் போவோம். 1890-ஐ ஒட்டி எடிசன், கட்டிகளைக் கரைப்பதற்குப் பதிலாக வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்திக் கப்பலைக் காக்க முயன்று, அதற்கேற்ற உலோகங்கள் கிடைக்காமல் கைவிட்டார். அந்த முயற்சியின் பிற்காலக் கதை தனிப் பகுதிக்கு உரியது. துத்தநாகத்தின் உறக்கத்தைக் கலைத்தது இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவு. யுத்தம் ஓய்ந்ததும், கட்டிய கப்பல்களை உடைக்கவும் மனமின்றி ஓட்டவும் வேலையின்றிப் பல நாடுகள் துறைமுகங்களில் கட்டிவைத்தன; ஓடாத கப்பல் ஓடும் கப்பலைவிட நீரால் அதிகம் அவதிப்படும். 1950-களில் கனடாக் கடற்படையின் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பழைய வித்தையைக் கையிலெடுத்து, மின்னோட்டத்தை முறையாக அளந்து, கப்பல்களில் நிலைநாட்டினார்கள். அவர்களுடைய ஆராய்ச்சி நிலையம் இருந்த இடம் நோவா ஸ்கோஷியா. கொச்சிக் கப்பல் முதன்முதல் தன் காவற்கட்டிகளோடு போய்ச் சேர்ந்த அதே கரை. சரித்திரத்தில் இத்தகைய சந்திப்புகளுக்குப் பொருள் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் சொல்லாமல் கடந்துபோக என் பேனாவுக்கு மனமில்லை. இதே காலத்தில் அமெரிக்கக் கடற்படையார், துத்தநாகத்தில் இரும்பு மாசு எவ்வளவு இருக்கலாம் என்பதை ஆராய்ந்து வரம்பு கட்டினார்கள். நூறாண்டுக் குழப்பம் தீர்ந்தது.

நம் தேசத்துக் கதை 1948-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச் 14-ஆம் தேதி, விசாகப்பட்டினத்தில் சிந்தியா நிறுவனத்தார் கட்டிய 'ஜல உஷா' என்னும் எஃகுக் கப்பலைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு நீரில் இறக்கிவைத்தார். நான்கு மாதம் கழித்து, ஜூலை 25-ஆம் தேதி, அதே நேரு செட்டிநாட்டுச் செம்மண்ணில் காரைக்குடிக்கு வந்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். கப்பலுக்கும் கல்லுக்கும் உள்ள உறவை அன்று கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்களோ தெரியாது. டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வாரி வழங்கியிராவிட்டால், மழை குறைந்த அந்தச் சிற்றூருக்கு இப்படியொரு நிலையம் வந்திருக்கவே முடியாது. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதி, தைத்திருநாளை ஒட்டி, குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். செட்டியார் அதன்பின் நான்கு ஆண்டுகளே வாழ்ந்தார். 1957-இல் மறைந்தபோது அவருக்கு வயது ஐம்பதுகூட நிரம்பவில்லை.

காரைக்குடி கடலோர ஊரன்று. ஆனால் அங்கிருந்து சில மணி நேரத்தில் மண்டபம் வந்துவிடும். ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் நெருக்கும் அந்த ஒடுங்கிய நிலநாக்கில், காற்றே உப்பாக வீசுகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், வர்ணம் தீட்டி முடிப்பதற்குள் தீட்டத் தொடங்கிய முனையில் மறுபடி துரு எட்டிப்பார்க்கும் என்று ஊழியர்கள் அலுத்துக்கொள்ளும் வண்ணம் நூறாண்டுக்கு மேல் அந்தக் காற்றோடு மல்லாடியது. துருவின் காரணமாகவே 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் உலோகத்தைப் பரீட்சித்துப் பார்க்கலாம். மண்டபத்தில் தேறியது மற்ற இடங்களில் தேறும் என்று நம்பலாம். காரைக்குடி நிலையத்தார் மண்டபத்தில் ஓர் ஆய்வுக்களம் அமைத்து, பலவகை உலோகத் தகடுகளைக் காற்றிலும் நீரிலும் விட்டுவைத்துப் பருவந்தோறும் எடுத்து நிறுத்துப் பார்த்ததும், பிற்பாடு தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல்சார் ஆய்வுக்கென்று ஒரு மையம் கண்டதும் இந்த நியாயத்தினால்தான்.

அங்கே எழுந்த கேள்வி நம் தேசத்துக்கே உரியது. துத்தநாகத்தை நம்பினால் அதை அந்நிய நாட்டிலிருந்து வாங்கவேண்டும். ராஜஸ்தானத்து ஜாவர் மலையில், ஐரோப்பா அந்த உலோகத்தை வடிக்கக் கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மண்குடுவைகளில் துத்தநாகம் வடித்தெடுத்த நாடு, சுதந்திரம் பெற்றபோது ஒரு துத்தநாக உருக்காலைகூட இல்லாமல் நின்றது. 1967-ஆம் ஆண்டு கேரளத்து ஆலுவாயில் ஒன்று தொடங்கும்வரை இறக்குமதியே கதி. அலுமினியமோ பாக்ஸைட் தாதுவாக நம் மண்ணில் நிறையக் கிடைப்பது. 1943-லேயே அதே ஆலுவாயிலும், 1965-ஐ ஒட்டி மேட்டூரிலும் உருக்கத் தொடங்கியாயிற்று. ஃபாரடேயின் கணக்கும் அலுமினியத்தின் பக்கம்தான்: துத்தநாகம் 11 கிலோ செலவாகும் இடத்தில் அலுமினியம் மூன்றரை கிலோ போதும்.

ஆனால் அலுமினியத்திற்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிராணவாயு பட்ட மாத்திரத்தில் அது தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. சமையல் பாத்திரத்துக்கு அந்தப் போர்வை வரம், காவற்கட்டிக்கு அதுவே சாபம். தானே கரைய மறுக்கும் உலோகம் பிறரை எப்படிக் காப்பாற்றும்? போர்வையைக் கிழிக்க ஒரு துளி பாதரசம் கலந்தால் போதும் என்று அமெரிக்காவில் கண்டார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கரையும் ஒவ்வொரு கட்டியும் பாதரசத்தைக் கடலுக்கும், கடலிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நம் இலைக்கும் அனுப்பிவைக்கும். பிறகு இண்டியம் என்னும் அரிய உலோகத்தைப் பதினாயிரத்தில் இரண்டு பங்கு அளவில், துத்தநாகம் சிறிதோடு கலந்தால் அதே காரியம் நடக்கும் என்று தெரிந்தது. பாதரசம் இல்லாத அலுமினியக் கலவைகளைப் பற்றிக் காரைக்குடியிலும் ஆண்டுக்கணக்காக உழைத்தார்கள். எந்தக் கலவை சீராகக் கரைகிறது, எது பொக்கு பொக்காக உதிர்ந்து பாதி வீணாகிறது என்பதைக் கண்டறிவது ஏட்டில் எளிது. மாதக்கணக்கில் தொட்டி நீரிலும் கடல் நீரிலும் தொங்கவிட்டுத் தராசில் நிறுத்தாலன்றித் தெரியாது.

வெப்பக்கடல் இந்த முயற்சியில் பகையாகவும் இருந்தது, நட்பாகவும் இருந்தது. இளஞ்சூடான நீரில் துரு வேகமாக நடக்கிறது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், காவல் பெற்ற எஃகின் பரப்பை ஒட்டிய நீர் காரத்தன்மை அடைவதால், கடலில் கரைந்துள்ள சுண்ணமும் மக்னீஷியமும் அங்கே வெள்ளைப் படலமாகப் படிகின்றன. குளிர்ந்த கடலைவிட நம் கடலில் அது சீக்கிரம் படிகிறது. படலம் படிந்தபின் தேவையான மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கொட்டலசின் விஷயத்தில் மட்டும் எவ்விதச் சலுகையும் கிடையாது. காக்கப்பட்ட எஃகின்மேல் அது நிம்மதியாகக் குடியேறுகிறது. ஆகவே மேலே ஒரு நச்சு வர்ணமும் பூசவேண்டும். அந்த வர்ணங்களில் ஒரு காலத்தில் கோலோச்சிய டின் சேர்மங்கள் சிப்பிகளின் இனப்பெருக்கத்தையே குலைத்ததால் 2008-ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தால் விலக்கப்பட்டன; இப்போது பெரும்பாலும் திரும்பியிருப்பது செம்புக்குத்தான்.

இவை அனைத்தும் ஒருங்கே பரீட்சிக்கப்படும் கலம் மிதக்கும் உலர்துறை. பெரிய எஃகுப் பெட்டி ஒன்றைத் தளமாகவும், இருபுறமும் எஃகுச் சுவர்களை மதிலாகவும் கொண்ட இக்கலம், தன் வயிற்றில் நீரை நிரப்பிக்கொண்டு அமிழும். பழுதான கப்பல் அதன்மேல் வந்து நிற்கும். நீரை இறைத்ததும் கப்பலோடு மேலெழும். நீரை எந்த அறையில் எந்த முறையில் நிரப்புவது என்பதில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குத் திருகோணமலையே சாட்சி: 1944 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, 'வேலியண்ட்' என்னும் மாபெரும் போர்க்கப்பலைத் தாங்கியிருந்த நிலையில் அங்கிருந்த மிதக்கும் துறை முறிந்து மூழ்கியது, கப்பலும் பெருஞ்சேதமுற்றது. அது துருவால் நேர்ந்த விபத்தன்று. ஆயினும் இந்தக் கலத்தின் எஃகு எத்தனை கடுமையான பாரத்தைச் சுமக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனத்தார் இந்தியக் கடற்படைக்காக இப்படியொரு துறையைக் கட்டி, 2017 ஜூன் 20-ஆம் தேதி நீரில் இறக்கினார்கள். நீளம் 185 மீட்டர், அகலம் 40 மீட்டர், 8,000 டன் எடையுள்ள கப்பலைத் தூக்கவல்லது, செலவு 468 கோடி ரூபாய். அந்தமானில் போர்ட் பிளேரில் பணிபுரிவதற்கென்று அது கட்டப்பட்டது. அங்கே ஏற்கெனவே ஜப்பானில் செய்த மிதக்கும் துறை ஒன்று கடற்படைக்கு ஊழியம் செய்துவந்தது.

இத்தகைய துறையின் சங்கடம் வேறு எந்தக் கலத்துக்கும் இல்லாதது. கப்பலுக்குத் துரு பிடித்தால் துறைக்குப் போகலாம். துறைக்கே துரு பிடித்தால் அது எங்கே போகும்? 40 மீட்டர் அகலத்தை உள்ளே விடும் துறை எளிதில் அகப்படாது. அகப்பட்டாலும், அது ஊரை விட்டுப் போன மாதங்களில் மற்றக் கப்பல்களுக்குக் கதியில்லை. எனவே அடித்தகட்டின் வர்ணமும் காவற்கட்டிகளும் சாதாரணக் கப்பலுக்குப்போல இரண்டரை ஆண்டு, ஐந்தாண்டு என்று தவணை பார்த்துக் கணக்கிட்டால் போதாது. நீரில் இருந்தபடியே நெடுங்காலம் தாங்கும்படி தொடக்கத்திலேயே தாராளமாக வைக்கவேண்டும். கட்டி தேய்ந்தால் முக்குளிப்போர் இறங்கிப் பழையதைக் கழற்றிப் புதியதைப் போல்ட்டில் முடுக்க வசதி இருக்கவேண்டும். முள்ளை நீரில் இறக்கி வோல்ட் பார்க்கும் சடங்கு, கோயிலில் காலசந்தி தவறாததுபோல் தவறாமல் நடக்கவேண்டும்.

அதைவிடத் தொல்லை உள்ளே. நீரை நிரப்பியும் இறைத்தும் பயன்படுத்தும் அந்த அறைகளுக்குள் கட்டிகள் பதித்திருந்தாலும், அறை நீரால் நிறைந்திருக்கும்போது மட்டுமே அவை வேலை செய்யும். ஏனெனில் மின்னோட்டத்துக்கு நீர்தான் பாதை. துறை மேலெழுந்து நிற்கும் நாட்களில் அறைகள் வெறுமையாக, ஈரக் கசிவோடும் உப்புக் காற்றோடும் இருக்கின்றன. அப்போது துரு தடையின்றி நடக்கும், காவற்கட்டி பக்கத்திலேயே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். நீர் மட்டம் ஏறி இறங்கும் பக்கச் சுவர்களின் நிலையும் இதுவே. அங்கெல்லாம் வர்ணம் ஒன்றுதான் துணை. வர்ணம் பூசுமுன் தகட்டை மணல் அடித்துச் சுத்தம் செய்தவர் எவ்வளவு சிரத்தையாகச் செய்தார் என்பதே அந்த எஃகின் ஆயுள். மறுபுறம், வெளியே கட்டிகளை மிதமிஞ்சி வைத்து வோல்ட்டை மேலும் மேலும் இறக்கினாலும் ஆபத்து. எஃகின் பரப்பில் ஹைட்ரஜன் வாயு திரண்டு, வர்ணத்தைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும், உரமான எஃகு வகைகளை உடையச் செய்யும்.

மின்னோட்டத்தைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் இயலாமை கரையும் கட்டிகளின் பிறவிக் குறை. எடிசன் கைவிட்ட இடத்திலிருந்து அந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள், பிளாட்டினம் பூசிய டைட்டானியத்தையும் ஒரு மின்திருத்தியையும் துணையாகக் கொண்டு கப்பலைக் காக்கும் வித்தையை அமைத்தார்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)